எறும்புக்கோடு சரியாக ஓடுகிறது. வெட்டி ஒட்டினால் மட்டும் வெள்ளை விளிம்பு ஏன்?

மழைத்தும்பி:

வணக்கம். மூன்று நாளாக ஒரு பூனையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சிறுவர் கதை ஒன்றுக்கு அட்டைப்படம் செய்கிறேன். கருநீல இரவு வானம், மதில், மதில்மேல் பூனை. வானத்தையும் மதிலையும் நானே வரைந்துவிட்டேன். பூனை மட்டும் கைப்பேசியில் எடுத்த புகைப்படம். செம்பழுப்பு நிறம், நெஞ்சில் வெள்ளை, பின்னால் வெள்ளைச் சுவர். மென்பொருள் கிம்ப் 2.10.

முதல் நாள்: மந்திரக்கோல் கருவியால் (தொட்ட இடத்தின் நிறத்தை ஒத்த பகுதியைத் தேர்வது) சுவரைத் தொட்டு அழித்தேன். சுவர் போனது, அதே இடத்தில் வேறொரு வெள்ளை வந்து உட்கார்ந்தது.

இரண்டாம் நாள்: ஒரு வழியாகப் பின்னணியை நீக்கி, பூனையை மட்டும் ஜேபெக்காகச் சேமித்தேன். அதைத் திறந்து அட்டைப்படத்தில் ஒட்டினால் பூனை வெள்ளைப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இன்று: ஃப்ரீ செலக்ட் கருவியால் இரண்டு மணி நேரம் செலவழித்து ஓரமாகவே கோடு போட்டேன். எறும்புக்கோடு, அதாவது தேர்வின் எல்லையில் ஓடும் விட்டுவிட்ட கோடு, பூனையைச் சுற்றி அச்சு அசலாக ஓடுகிறது. நகலெடுத்து வானத்தின்மேல் ஒட்டினேன். பூனையைச் சுற்றி வெளிறிய வளையம். யாரோ வெள்ளைச் சுண்ணாம்பால் ஓரம் கட்டியதைப் போல.

இதில் இன்னொன்று: ஒட்டிய பிறகு தூரிகை, அழிப்பான் எதுவும் மற்ற லேயர்களில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படத்தாள்களில்) வேலை செய்ய மறுக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?


வெட்டுக்கிளி:

மூன்று நாளில் செய்யக்கூடிய எல்லாத் தவறுகளையும் வரிசை மாறாமல் செய்திருக்கிறீர்கள். கோபப்படாதீர்கள், நானும் இதே வரிசையில்தான் செய்தேன்.

முதல் நாள் விடை: ஜேபெக் படத்துக்கு ஆல்ஃபா சேனல், அதாவது எந்த இடம் எவ்வளவு ஒளிபுகும் என்ற குறிப்பு, கிடையாது. அழித்த இடத்தில் ஒளிபுகும் வெற்றிடம் வர வழியில்லை, எனவே கருவிப்பெட்டியில் இருக்கும் பின்னணி நிறம் வந்து நிரம்புகிறது. லேயர் மெனுவில் ட்ரான்ஸ்பேரன்சி என்பதன் கீழ் ஆட் ஆல்ஃபா சேனல் இருக்கிறது. அதை முதலில் செய்துவிட்டு அழியுங்கள்.

இரண்டாம் நாள் விடையும் அதேதான். ஒளிபுகு பகுதியை ஜேபெக் சேமிக்காது. பிஎன்ஜி சேமிக்கும். வேலை முடியாத கோப்பை கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்பாக வைத்திருங்கள். கிம்ப்பில் 2012இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து சேவ் என்றால் எக்ஸ்சிஎஃப் மட்டும்தான், மற்ற வடிவங்களுக்கு எக்ஸ்போர்ட். அன்றைக்கு அதற்காகத் திட்டித் தீர்த்தவர்களில் நானும் ஒருவன். இப்போது நினைத்தால் உங்களைப் போன்ற எத்தனையோ பேரின் லேயர்களை அது காப்பாற்றியிருக்கிறது.

மூன்றாம் நாள்: ஃப்ரீ செலக்ட் கருவியைத் தூக்கி எறியுங்கள். பாத் கருவியை எடுங்கள். புள்ளி வைத்து, கைப்பிடியை இழுத்து வளைத்து, மீண்டும் புள்ளி. தவறினால் அந்த ஒரு புள்ளியை மட்டும் நகர்த்தலாம். இரண்டு மணி நேரம் சுட்டியை அழுத்திப் பிடித்து வரைவது தேர்வு அல்ல, தண்டனை.


நிழலாடி:

மற்ற லேயர்கள் மறுப்பதற்குக் காரணம், நீங்கள் ஒட்டியது இன்னும் லேயராக ஆகவில்லை. லேயர் பட்டியலில் மேலே பாருங்கள், ஃப்ளோட்டிங் செலக்‌ஷன் என்று ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். மதில்மேல் பூனையேதான். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. அதைப் புது லேயராக்கு என்று சொல்லும்வரை, அல்லது நங்கூரக் குறியை அழுத்திக் கீழே உள்ள லேயரோடு இணைக்கும்வரை, வேறு எங்கும் உங்களை அது விடாது.

லேயர்கள் என்ற ஏற்பாடே இல்லாத காலத்தின் மிச்சம் இது. படத்தின் ஒரு துண்டைத் தற்காலிகமாக மேலே மிதக்கவிட்டு, நகர்த்தி, பிறகு கீழே இறக்கிவிடுவார்கள். இறக்கிவிட்டால் அவ்வளவுதான், படத்தோடு படமாக ஒட்டிக்கொள்ளும். ஃபோட்டோஷாப்பிலும் 1994இல் 3.0 பதிப்பு வரும்வரை லேயர் கிடையாது. 2025இல் வந்த கிம்ப் 3.0இல் ஒட்டியது நேராகப் புது லேயராகவே வந்துவிடுகிறது. முடிந்தால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.

பூனைப் படத்தைத் தனியாகத் திறந்து, நகலெடுத்து ஒட்டும் வேலையே உங்களுக்குத் தேவையில்லை. அட்டைப்படக் கோப்பு திறந்திருக்கும்போது ஃபைல் மெனுவில் ஓப்பன் ஆஸ் லேயர்ஸ். முழுப் புகைப்படமும் ஒரு லேயராக வந்து இறங்கும். வெட்டுவதை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.


சாம்பல்256:

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். வெள்ளை வளையம் ஏன் வருகிறது என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பாத் கருவியில் வெட்டினாலும் வளையம் வரும்.

மழைத்தும்பி, புகைப்படத்தை 800 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி முதுகு ஓரத்தைப் பாருங்கள். பூனை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. முடியின் செம்பழுப்பு, அதன் பக்கத்தில் வெளிறிய பழுப்பு, அதன் பக்கத்தில் பழுப்பு கலந்த வெள்ளை, பிறகு சுவர். அந்த நடுவில் இருக்கும் பிக்சல்கள் பூனையும் இல்லை, சுவரும் இல்லை. இரண்டின் கலவை.

ஒரே ஒரு பிக்சலை எடுத்துக் கணக்குப் போடுவோம். முடியின் நிறம் சிவப்பு 205, பச்சை 125, நீலம் 55 என்று வையுங்கள். சுவர் 235, 232, 228. பாதி முடி, பாதி சுவர் விழுந்த பிக்சல் ஏறக்குறைய 220, 178, 141 ஆக இருக்கும். உங்கள் வானம் 20, 30, 60 போன்ற ஒரு கருநீலம். அங்கே அதே பிக்சல் எப்படி இருக்க வேண்டும்? பாதி முடி, பாதி வானம்: 112, 77, 57. மங்கலான பழுப்பு. நீங்கள் ஒட்டியபோது வந்தது என்ன? 220, 178, 141. இரவு வானத்தில் அது விளக்குப் போட்டதுபோல் தெரியாமல் என்ன செய்யும்?

தேர்வு என்றால் கோடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் அது ஒரு சாம்பல் நிறப் படம். ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு: 255 என்றால் முழுக்கத் தேர்வு, 0 என்றால் இல்லவே இல்லை, 128 என்றால் பாதி. எறும்புக்கோடு அந்தப் பாதி எங்கே விழுகிறதோ அங்கே மட்டும்தான் ஓடும். அதற்கு உள்ளேயும் வெளியேயும் என்ன நடக்கிறது என்று எறும்புக்குத் தெரியாது.

ஷிஃப்ட்டோடு க்யூ அழுத்துங்கள், குவிக் மாஸ்க் வரும். தேர்வாகாத இடமெல்லாம் சிவப்புக் கண்ணாடி போட்டதுபோல் தெரியும். அதுதான் உங்கள் உண்மையான தேர்வு. அதன்மேல் வெள்ளைத் தூரிகையால் தீட்டினால் தேர்வு கூடும், கருப்பால் தீட்டினால் குறையும், சாம்பலால் தீட்டினால் பாதி. மீண்டும் ஷிஃப்ட் க்யூ அழுத்தினால் பழையபடி எறும்பு.


வெட்டுக்கிளி:

சாம்பல்256 எழுதியது: "பாத் கருவியில் வெட்டினாலும் வளையம் வரும்."

வரும். அதற்குத்தான் செலக்ட் மெனுவில் ஷ்ரிங்க் இருக்கிறது. ஒரு பிக்சல் உள்ளே சுருக்கு, வளையம் போய்விடும். ஒரு நிமிட வேலைக்கு ஒரு பாடம் எதற்கு?


சாம்பல்256:

கோப்பைக்கும் நாற்காலிக்கும் போய்விடும். பூனைக்குப் போகாது. முடி நுனியையெல்லாம் மழித்துவிட்டு, பொம்மைப் பூனையைத்தான் மதில்மேல் வைப்பீர்கள்.


வெட்டுக்கிளி:

காது, பாதம், வால் நுனிக்கு எதை வைத்து வெட்டுவீர்கள்? தூரிகையாலா? அங்கே ஓரம் கூர்மையாக இருக்கிறது, பாத் தவிர வேறு எதுவும் அவ்வளவு சுத்தமாக வராது. முதுகுக்கும் கன்னத்துக்கும் உங்கள் சாம்பலை வைத்துக்கொள்ளுங்கள்.


சாம்பல்256:

அதில் எனக்குச் சண்டையில்லை.


சோம்பேறிச்சுண்டெலி:

இந்தக் காலத்திலும் புள்ளி வைத்து வெட்டிக்கொண்டிருக்கிறீர்களா? பொருளை ஒரு தடவை சொடுக்கினால் மொத்தத்தையும் தேர்ந்துகொள்ளும் கருவிகள் வந்து எத்தனை ஆண்டுகள் ஆகின்றன! ஃபோட்டோஷாப்பில் செலக்ட் சப்ஜெக்ட் 2018இலேயே வந்துவிட்டது. படத்தில் பொருளைப் பிரித்தெடுக்கும் மெட்டாவின் செயற்கை நுண்ணறிவு மாதிரி செக்மென்ட் எனிதிங் 2023 ஏப்ரலில் வந்தது; 1.1 கோடி படங்கள், 100 கோடிக்கும் மேற்பட்ட மாஸ்க்குகளை (எது பொருள், எது பின்னணி என்று காட்டும் படங்களை) கொண்டு பயிற்றுவித்தது. பூனையெல்லாம் அதற்கு ஊதித் தள்ளும் வேலை.


சாம்பல்256:

பூனை எது, சுவர் எது என்று கண்டுபிடிப்பதில் அது கெட்டி. மறுக்கவில்லை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் 2023இல் வந்த அந்த மாதிரி உள்ளே உருவாக்கும் மாஸ்க் 256க்கு 256 பிக்சல் அளவுதான். அதை உங்கள் 4000 பிக்சல் படத்துக்கு இழுத்துப் பெரிதாக்குகிறது. ஒரு மாஸ்க் பிக்சலின்கீழ் உங்கள் படத்தின் 15 பிக்சலுக்கு மேல் அடங்கும். முடி ஒன்றின் தடிமன் எத்தனை பிக்சல்?

பொருளைப் பிரித்தறிவது ஒரு வேலை. ஓரத்துப் பிக்சலில் எவ்வளவு விழுக்காடு பொருள், அதன் தூய நிறம் என்ன என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. இரண்டாவதற்கு மேட்டிங் என்று பெயர். கிம்ப்பின் ஃபோர்கிரவுண்ட் செலக்ட் கருவியில் 2.10 முதல் மேட்டிங் இருக்கிறது. பூனையைச் சுற்றிப் பட்டையாக ஒரு கோடு போட்டு, உள்ளே உறுதியாகப் பூனை என்ற இடத்தில் சில கீறல், ஓரத்து முடிகளின்மேல் தெரியாத பகுதி என்று ஒரு தீற்று. விடையை வெள்ளை, கருப்போடு இடையிலுள்ள சாம்பலும் சேர்த்துத் தரும். சில படங்களில் அற்புதமாக வரும், சிலவற்றில் அழவைக்கும். பெரிய படமென்றால் பொறுமை வேண்டும்.


நிழலாடி:

தானாகவே வெட்டித்தரும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. கிம்ப்பில் கத்தரிக்கோல் கருவி ஒன்று இருக்கிறதே, புள்ளி வைத்தால் ஓரத்தோடு தானே ஒட்டிக்கொண்டு போகும், அதன் அடிப்படை மார்டென்சனும் பாரெட்டும் 1995இல் எழுதிய கட்டுரை. பெட்டி போட்டால் உள்ளிருக்கும் பொருளைப் பிரிக்கும் கிராப்கட் 2004. ஒவ்வொன்று வரும்போதும் இனிமேல் யாரும் கையால் வெட்டப்போவதில்லை என்றார்கள்.

எறும்புக்கு வயது அதைவிட அதிகம். 1984 மேக்பெயிண்டில் பில் அட்கின்சன் ஓடவிட்ட எறும்புகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள், திரை மட்டும் தேயவில்லை.


மழைத்தும்பி:

குவிக் மாஸ்க் போட்டுப் பார்த்தேன். அதிர்ச்சிதான். நான் இரண்டு மணி நேரம் வரைந்த தேர்வின் ஓரம் படிக்கட்டுபோல் இருக்கிறது. எறும்பு ஓடும்போது இதெல்லாம் தெரியவில்லை.

ஓப்பன் ஆஸ் லேயர்ஸ் வழியாகப் படத்தைக் கொண்டுவந்தேன். பூனை அட்டையைவிட இரண்டு மடங்கு பெரிதாக வந்து நிற்கிறது. வால் வெளியே போய்விட்டது. வெட்டுப்பட்டுவிட்டதா? இரண்டு கோப்பிலும் 300 டிபிஐ என்றுதான் போட்டிருக்கிறது.


நிழலாடி:

வால் பத்திரமாக இருக்கிறது. லேயர் கித்தானைவிடப் பெரிதாக இருக்கலாம், வெளியே உள்ளது தெரியாது, அவ்வளவுதான். ஆனால் லேயர் டு இமேஜ் சைஸ் என்பதை இப்போது அழுத்திவிடாதீர்கள், அப்போது உண்மையிலேயே வால் போய்விடும்.

டிபிஐ என்பது அச்சுக்குப் போகும்போது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற குறிப்பு. ஒரு படத்தை இன்னொன்றுக்குள் கொண்டுவரும்போது பிக்சலுக்குப் பிக்சல்தான் கணக்கு. 4000 பிக்சல் புகைப்படம் 2000 பிக்சல் அட்டைக்குள் வந்தால் இரண்டு மடங்குதான். பிடிஎஃப், எஸ்விஜி கோப்புகளைத் திறக்கும்போது மட்டும் அந்த எண் உண்மையிலேயே படத்தின் அளவைத் தீர்மானிக்கும். அதனால்தான் அவற்றைத் திறக்கும்போது முன்கூட்டியே கேட்கிறது.

பெரிதாக இருக்கும்போதே வெட்டுங்கள். சிறிதாக்குவதைக் கடைசியில், ஒரே முறை செய்யுங்கள். சிறிதாக்கிப் பார்த்து, பிடிக்காமல் மறுபடி பெரிதாக்கினால் போன பிக்சல் திரும்பாது. ஃபோட்டோஷாப்பில் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாகக் கொண்டுவந்தால் மூலப்படம் உள்ளேயே இருக்கும். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் ஃபைல் லேயர் என்று ஒன்று உண்டு, வெளியிலுள்ள கோப்பையே பார்த்துக்கொண்டிருக்கும்.


வண்ணக்குழம்பு:

இடையில் ஒன்று. புகைப்படம் எந்த வழியாக உங்கள் கணினிக்கு வந்தது? கைப்பேசியிலிருந்து கம்பி வழியாக எடுத்தீர்களா, செய்திச் செயலியில் உங்களுக்கே அனுப்பிக்கொண்டீர்களா? அனுப்பியிருந்தால் அது சுருக்கிப் பிழிந்த படமாக இருக்க வாய்ப்புண்டு. ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. நிறத்தை அதைவிட முரட்டுத்தனமாக. பெரும்பாலும் நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிற மதிப்பு. வெளிச்சம் மட்டும் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி. அதனால்தான் நிறத்தை வைத்துத் தேர்ந்தால் ஓரம் கட்டம்கட்டமாக வருகிறது. மந்திரக்கோலின் அமைப்புகளில் எதை வைத்துத் தேர்வது என்ற இடத்தில் நிறச்சாயலை விட்டு வெளிச்சத்தைப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

நான் ஒருமுறை 256 நிறம் மட்டுமுள்ள ஜிஃப் கோப்புக்குள் புகைப்படத் துண்டை ஒட்டிவிட்டு, முகமெல்லாம் பச்சைத் திட்டாக வந்ததற்குத் திரையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். படத்தின் மோட் ஆர்ஜிபியில் இருக்கிறதா என்று ஒட்டுவதற்குமுன் பார்த்திருந்தால் ஓர் இரவு மிச்சமாகியிருக்கும்.


மழைத்தும்பி:

செய்திச் செயலியில்தான் அனுப்பினேன். இப்போது கம்பி வழியாக எடுத்துவிட்டேன். அதே படமா இது என்று இருக்கிறது. முன்பு 1600 பிக்சல் அகலம் இருந்த வேறொரு பிரதியையும் இடையில் கலந்துவிட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

மந்திரக்கோல் இன்னும் தொல்லை. சுவரைத் தொட்டால் பாதிச் சுவர்தான் தேர்வாகிறது. அளவை ஏற்றினால் சுவரோடு பூனையின் நெஞ்சும் போய்விடுகிறது.


சாம்பல்256:

சுவர் உங்கள் கண்ணுக்குத்தான் வெள்ளை. ஜன்னல் பக்கம் 235, மறுபக்கம் 190 என்று இறங்கிக்கொண்டே போகும். மந்திரக்கோல் ஒவ்வொரு பிக்சலையும் நீங்கள் முதலில் தொட்ட பிக்சலோடுதான் ஒப்பிடும், பக்கத்துப் பிக்சலோடு அல்ல. கிம்ப்பில் இயல்பான வரம்பு 15. 235இல் தொட்டால் 220க்குக் கீழே போகாது. வரம்பை ஏற்றாதீர்கள். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு சுவரின் வேறு இடங்களையும் தொடுங்கள், ஒவ்வொன்றாகச் சேரும். தொட்டபடியே சுட்டியை இழுத்தாலும் வரம்பு கூடிக் குறையும், கண்ணெதிரே தெரியும்.

ஆனால் உங்கள் பூனைக்கு மந்திரக்கோலே வேண்டாம். அது செம்பழுப்பு. அதுதான் உங்கள் அதிர்ஷ்டம்.

சேனல்கள் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்; படத்தின் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் அங்கே தனித்தனிச் சாம்பல் படங்களாக இருக்கும். சிவப்பில் பூனையும் வெளுப்பு, சுவரும் வெளுப்பு. 205க்கும் 235க்கும் என்ன பெரிய வேறுபாடு? நீலத்தில் பாருங்கள். பூனை 55, சுவர் 228. கரிக்கட்டைபோல் நிற்கும். முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அந்த நீலச் சேனலை நகலெடுங்கள். நகலின்மேல் கருப்பு, வெள்ளை அளவுகளைத் திருத்தும் லெவல்ஸ் கருவியை வைத்து, கருப்பு முனையைக் கொஞ்சம் உள்ளே, வெள்ளை முனையைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். பூனை முழுக்கருப்பு, சுவர் முழுவெள்ளை ஆகும்வரை, ஆனால் ஓரத்துச் சாம்பலைக் கொன்றுவிடாமல். பிறகு நிறத்தைத் தலைகீழாக்குங்கள். பூனை வெள்ளை, சுவர் கருப்பு. கண்ணிலும் நெஞ்சிலும் ஓட்டைகள் இருக்கும். வெள்ளைத் தூரிகையால் அடைத்துவிடுங்கள், உள்பகுதிதானே. நெஞ்சின் வெள்ளை சுவரைத் தொடும் ஓரத்தை மட்டும் வெட்டுக்கிளி சொன்னபடி பாத் வைத்து அடையுங்கள்.

அதன்பின் பூனை லேயரைச் சொடுக்குங்கள். இதை மறந்துவிட்டுச் சேனலின்மேலேயே தீட்டிக்கொண்டிருப்பவர்கள் அதிகம். வலது சொடுக்கில் ஆட் லேயர் மாஸ்க், அதில் சேனல் என்பதைத் தேர்ந்து இந்த நகலைக் காட்டுங்கள். எதையும் அழிக்க வேண்டாம். மாஸ்க்கில் வெள்ளை இருக்கும் இடம் தெரியும், கருப்பு இருக்கும் இடம் மறையும். நாளைக்கு மனம் மாறினால் மாஸ்க்கைத் திருத்தலாம். அழித்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?


பென்சில்சீவி:

இழைக்குள் நுழைவதற்கு மன்னியுங்கள், என் சிக்கலும் இதன் உறவினர்தான். தாளில் பென்சிலால் வரைந்ததை ஸ்கேன் செய்து கொண்டுவருகிறேன். கோடு மட்டும் வேண்டும், தாள் வேண்டாம். சேனல் வழி இதற்கும் பொருந்துமா?


சாம்பல்256:

உங்களுக்கு இன்னும் எளிது. கலர் டு ஆல்ஃபா. வெள்ளையைக் கொடுத்தால் ஒவ்வொரு பிக்சலிலும் எவ்வளவு வெள்ளை கலந்திருக்கிறதோ அதை மட்டும் கழித்து, மீதியை ஒளிபுகும் நிறமாக விட்டுவிடும். அழுத்திய கோடு அடர்த்தியாக, தேய்த்த நிழல் மெல்லிய புகைபோல் நிற்கும். கீழே எந்த நிறத்தை வைத்தாலும் அந்தத் தாளிலேயே வரைந்ததுபோல் இருக்கும். தாள் தூய வெள்ளையாக இருக்காது. முதலில் லெவல்ஸில் வெளுக்கவையுங்கள், அல்லது 2.10இல் வந்த இரண்டு வரம்பு நழுவிகளைப் பயன்படுத்துங்கள்.


பென்சில்சீவி:

ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இத்தனை நாள் ஒவ்வொரு கோட்டுக்கு இடையிலும் மந்திரக்கோலால் குத்திக்கொண்டிருந்தேன். நன்றி. தாளின் ஓரத்துக் கைரேகையும் கலை நயத்தோடு வந்திருக்கிறது, அதை அழித்துக்கொள்கிறேன்.


மழைத்தும்பி:

நீலச் சேனல்! கரிக்கட்டை என்று சொன்னது சரியான சொல். முதுகு முடி ஒவ்வொன்றும் தெரிகிறது. மாஸ்க்கும் போட்டுவிட்டேன்.

ஆனால் வளையம் இன்னும் முழுதாகப் போகவில்லை. முன்பு சுண்ணாம்பு, இப்போது சாம்பல் பூசியதுபோல். தேர்வை மென்மையாக்கிவிட்டால் சரியாகும் என்றல்லவா நினைத்தேன்?


சாம்பல்256:

பாதி தூரம்தான் வந்திருக்கிறீர்கள். அதே பிக்சலை மறுபடி எடுங்கள். நிறம் 220, 178, 141. மாஸ்க் இப்போது பாதி. வானம் 20, 30, 60. கலந்தால் 120, 104, 100. வேண்டியது 112, 77, 57. மாஸ்க் சரியான விழுக்காட்டில் வெட்டிவிட்டது, ஆனால் பிக்சலின் நிறத்துக்குள் சுவர் இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது. அந்தச் சாம்பல்தான் நீங்கள் பார்ப்பது.

மாஸ்க் ஓரத்தைப் பார்த்துக்கொள்கிறது. எனவே லேயரில் உள்ள நிறத்தைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும். லேயர் பட்டியலில் மாஸ்க்கின் சிறு படத்தை அல்ல, லேயரின் சிறு படத்தைச் சொடுக்கி, க்ளோன் கருவியால் சற்று உள்ளே இருக்கும் முடியின் நிறத்தை எடுத்து ஓரத்தின்மேல் இழுங்கள். சுவர்ப்பக்கம் வழிந்தாலும் பரவாயில்லை, மாஸ்க் மறைத்துவிடும். முடி போகும் திசையிலேயே இழுங்கள்.


மழைத்தும்பி:

பூனையில் ஓட்டை விழுகிறது! க்ளோன் செய்யச் செய்ய முதுகு வழியாக நட்சத்திரம் தெரிகிறது!


நிழலாடி:

லேயரைச் சொடுக்கவில்லை. மாஸ்க்கின்மேல் தீட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கன்ட்ரோல் இசட்.


மழைத்தும்பி:

ஆமாம். வெட்கமாக இருக்கிறது.


நிழலாடி:

சிறு படத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் எதில் இருக்கிறதோ அதில்தான் தூரிகை வேலை செய்யும். இது எனக்கு இன்றும் மாதம் ஒருமுறை நடக்கிறது.


வண்ணக்குழம்பு:

சுவர் ஓரளவு ஒரே நிறமாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. பூனையின் ஓரத்தை மட்டும் தேர்ந்து, அதாவது செலக்ட் மெனுவில் பார்டர் கொடுத்து ஒரு சிறு பட்டையாக்கி, அந்தப் பட்டைக்கு மட்டும் சுவரின் நிறத்தைக் காட்டி கலர் டு ஆல்ஃபா. பென்சில்சீவி செய்த அதே கணக்கு, ஓரத்துக்கு மட்டும். ஆனால் மாஸ்க் போட்ட லேயரில் செய்யாதீர்கள், ஒளிபுகுதன்மை இரண்டு முறை சேர்ந்து ஓரம் மெலிந்துவிடும். நகல் எடுத்து, மாஸ்க் இல்லாமல் செய்து பாருங்கள்.


சோம்பேறிச்சுண்டெலி:

ஃபோட்டோஷாப்பில் இதற்கு டீகன்டாமினேட் கலர்ஸ் என்று ஒரு பெட்டி, ஒரு சொடுக்கு. சொல்லிவிட்டுப் போகிறேன், அடிக்காதீர்கள்.


சாம்பல்256:

அடிக்கவில்லை. அதுவும் செய்வது இதையேதான், ஓரத்தின் நிறத்தை உள்ளிருந்து இழுத்து நிரப்புகிறது.


மழைத்தும்பி:

க்ளோன் வழியில் முதுகு முடிந்தது, கன்னம் முடிந்தது. காதும் பாதமும் பாத் கருவியில் வெட்டினேன், வெட்டுக்கிளிக்குத் தனி நன்றி. தள்ளி நின்று பார்த்தால் வளையம் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

ஒரே குறை, மீசை காணோம். எந்தச் சேனலிலும் இல்லை.


வெட்டுக்கிளி:

வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை மீசை. எந்த மென்பொருளுக்கும் கொடுக்க அங்கே எதுவும் இல்லை. தேடாதீர்கள், வரையுங்கள். தனி லேயரில், வேரில் இரண்டு பிக்சல் தடிமன், நுனியில் ஒன்றுக்கும் குறைவு. பாத் ஒன்றைப் போட்டு, அதன்வழியே கோடு தீட்டும் ஸ்ட்ரோக் கொடுத்தால் வளைவு அழகாக வரும். தூய வெள்ளை வேண்டாம், உங்கள் வானத்தின் நீலம் கொஞ்சம் கலந்த வெள்ளை. மேலுதட்டில் பக்கத்துக்கு ஏறக்குறைய 12, நான்கு வரிசை. எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் போட்டால் துடைப்பம்போல் இருக்கும்.


மழைத்தும்பி:

இடப்பக்கம் 11, வலப்பக்கம் 9 வரைந்தேன். வலப்பக்கம் முகம் திரும்பியிருக்கிறது, மூன்று மறைந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் எக்ஸ்சிஎஃப்பாகவே வைத்திருக்கிறேன், எக்ஸ்போர்ட் செய்யவில்லை.


நிழலாடி:

படம் பார்த்தேன். முடி அருமை. ஆனால் பூனைக்கு வெளிச்சம் இடமிருந்து விழுகிறது, உங்கள் நிலா வலப்பக்கம் இருக்கிறது.


மழைத்தும்பி:

நிலா தனி லேயரில்தான் இருக்கிறது. நகர்த்திவிட்டேன்.